மாளிகையில் மல்லாட்டைக்கும் ஓர் அறை வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்களுக்குப் புதுச்சேரி வெளியூரே அல்ல. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் துணிமணிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைக்கும் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அன்றைக்கே திரும்பிவிடுகிற ஊர் அது. இந்தப் பயணங்களில் இப்போது பழைய வீடுகளைப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பாரதி இருந்த வீடு, பாரதிதாசன் வாழ்ந்த வீடு, பிரெஞ்சுக்காரர் காலத்து மேசை நாற்காலிகளை வைத்திருக்கும் அரசு அருங்காட்சியகம், வரிசையாகத் திண்ணைகள் திரும்ப எழுந்து நிற்கும் வைசியாள் வீதி என்று பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை ஆர்வத்தோடு போகிறார்கள். இது நல்ல பழக்கம், வளரவேண்டிய பழக்கம். ஆனால் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கிய காலனிக்கால வீடுகள் நம் நாட்டில் பெரும்பாலும் உடைமைக்காரரின் வாழ்க்கையை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கின்றன. கட்டில், நிலைக்கண்ணாடி, சரவிளக்கு, குடும்பப் படம் என்று சுற்றிவந்தால் வாசல் வந்துவிடும். அந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் கட்டினார்கள், யார் ஊழியம் செய்தார்கள் என்ற கேள்விகள் தொடப்படுவதே இல்லை. இவற்றுக்குப் பதில் சொல்லாத வீடு எவ்வளவு அழகாக மீட்கப்பட்டிருந்தாலும் பாதி மீட்கப்பட்ட வீடுதான். விடுபட்ட மறுபாதியின் பெரும்பகுதி விழுப்புரம், திண்டிவனம் மண்ணில் கிடக்கிறது.

மீட்புப் பணியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு பழைய வீட்டை உயிரோடு நிறுத்துவது எத்தனை கடினம் என்பதை அதன் கூரையைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லநீரையும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்லும் தளம் அதுதான். சுவரின் கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவைச் சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்தால் பளிங்குபோல மினுங்கும். சிமென்ட் வந்தபின் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிப்போனார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்னொவ்-சூர்-லோ நகரங்களின் துணையோடு 2000களின் தொடக்கத்தில் வைசியாள் வீதியைப் புதுப்பித்தபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் வீடுகளின் முகப்போடு இந்தக் கைவேலையையும் சேர்த்தே மீட்கவேண்டியிருந்தது. அந்த உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் தளம் அடித்த அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதிவைத்திருக்கும் பாரம்பரிய வீடு எத்தனை?

பணத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியின் வணிகம் செழித்ததற்கு ஒரு பெரும் காரணம் நிலக்கடலை. இந்தப் பக்கத்தில் அதை மல்லாட்டை என்பார்கள். மார்க்கெட் கமிட்டியில் மணிலா என்று எழுதுவார்கள். தென்னாற்காடு மாவட்டத்தின் மானாவாரிச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி பிரான்ஸின் மார்செய் நகருக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு மீட்டர்கேஜ் பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டதை இந்த ஏற்றுமதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பிரிட்டிஷ் மண்ணின் விளைச்சலைப் பிரெஞ்சுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிய பாதை அது. 1890களில் விதை நலிந்து விளைச்சல் விழுந்தபோது மொரீஷியஸிலிருந்து வந்த விதைதான் சாகுபடியைத் தூக்கி நிறுத்தியது. இந்தப் பயிருக்கு இங்கே இருந்த இடம் எவ்வளவு பெரியது என்பதற்குத் திண்டிவனத்தில் இன்றும் இயங்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே சான்று. அங்கே உருவான டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்களை நம் மாநிலத்துக்கு வெளியிலும் விவசாயிகள் விதைத்திருக்கிறார்கள். விதைப்புக்கு முன்பணம், அறுவடையில் கழிவு, எடையில் பிடித்தம், தரகு, கிட்டங்கிக் கூலி என்று கிராமத்துக்கும் கப்பலுக்கும் நடுவே எத்தனையோ கைகள் இருந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சு வணிக நிறுவனங்களும் தமிழ் வணிகர்களும் எழுப்பிய பல வீடுகளின் அடித்தளத்தில் இந்த வியாபாரமும் இருக்கிறது. செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, தோலை உடைத்துப் பருப்பெடுத்தது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கூடத்தில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியின் விலையில் அவர்கள் கூலியும் அடக்கம்.

இதற்கு முந்திய நூற்றாண்டில் மல்லாட்டை வணிகம் கிடையாது. நிலவரியும் துணியும் யுத்தமும் இருந்தன. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை அதை வைத்திருந்தார்கள். 1752இல் செஞ்சியை எடுக்க வந்த மேஜர் கின்னியரின் ஆங்கிலப் படை முண்டியம்பாக்கத்துக்கு அடுத்த விக்கிரவாண்டியில்தான் கெர்ஜானின் பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. படை எந்தக் கொடியோடு வந்தாலும் நெல்லும் மாடும் ஆளும் கொடுத்தவை இந்த ஊர்கள்தான். அந்த யுத்தகாலத்தின் பெரிய சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷி, வணிகர், ஹைதராபாத் நிஜாம் முசாபர் ஜங்கிடம் மன்சப் பட்டமும் செங்கல்பட்டு ஜாகீரும் பெற்றவர். 1730களில் அவர் கட்டிய மாளிகை புதுச்சேரியில் பெரிய கடைத்தெருவுக்கு அருகே இருக்கிறது. கீழே நம் ஊர் முறையில் செதுக்கிய மரத்தூண்கள், மேலே ஐரோப்பிய முறையில் சுதைத்தூண்கள். அந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தூண்களைத்தான் முதலில் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் அந்த வீட்டுக்காரர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு தூண்களைவிடப் பெரிய சொத்து. கப்பல் வரவு, துணிவிலை, சாதிச்சண்டை, கோயில் இடிப்பு, லஞ்சம், தண்டனை எல்லாம் அதில் இருக்கின்றன. ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். தன் காலத்து அழுக்கை மறைக்காமல் எழுதிய மனிதரின் ஊரில், அவர் காலத்தைக் காட்டும் வீடுகள் மட்டும் ஏன் கழுவித் துடைத்த கதையைச் சொல்லவேண்டும்?

புதுச்சேரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு புஷ்புஷ் வண்டி இருக்கிறது. மூன்று சக்கரம், உட்கார்ந்திருப்பவர் கையில் திசைதிருப்பும் பிடி, பின்னால் ஓர் ஆள் ஓடிக்கொண்டே தள்ளவேண்டும். அந்த வண்டியின் முன் நின்று கொஞ்சம் யோசித்தால் ஒரு காலம் முழுவதும் விளங்கிவிடும். எந்தப் பக்கம் போவது என்பதை ஒருவர் முடிவுசெய்தார், வேர்வை இன்னொருவருடையது. பார்வையாளர் கண்ணுக்கு இருக்கை தெரிகிறது, சக்கரம் தெரிகிறது. தள்ளியவர் எந்தக் குப்பத்திலிருந்து வந்தார், நாளுக்கு என்ன கிடைத்தது, வெயிலில் தெருவில் செருப்பு போட்டிருந்தாரா என்று கேட்கவைப்பதுதான் அருங்காட்சியகத்தின் வேலை. வீடுகளிலும் இப்படித்தான். முன்கட்டையும் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் காட்டுகிறோம். அடுப்படியைப் பல இடங்களில் அலுவலக அறையாகவோ சாமான் அறையாகவோ ஆக்கிவிடுகிறோம். எடுப்புக் கக்கூஸ் இருந்த பின்கட்டை, அதைச் சுத்தம் செய்ய ஒரு சாதியாரை மட்டும் வரவைத்த பின்சந்தை இடித்துவிட்டோ பூட்டிவிட்டோதான் பார்வையாளரை அழைக்கிறோம். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும் என்ற சட்டம் எழுதாமலே நடைமுறையில் இருந்த வீடுகள் இவை. திண்ணையின் அழகை விவரிக்கும் பலகையில் அந்தச் சட்டத்துக்கும் இடம் வேண்டும்.

வீட்டின் பெருமை உடைமைக்காரரோடு முடிந்துவிடவில்லை என்பதைப் புதுச்சேரியே நமக்குக் காட்டியிருக்கிறது. 1908இல் வந்து 1918 நவம்பர் வரை அங்கே இருந்த பாரதி வாடகைக்குக் குடியிருந்தவர். வாடகை பாக்கி அவர் வரலாற்றின் ஒரு பகுதி. வாடகையைக் கேட்டு நெருக்காத விளக்கெண்ணெய்ச் செட்டியாரை அந்த வரலாறு இன்றும் நன்றியோடு சொல்லிக்கொண்டிருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் வீட்டை அரசு வாங்கிக் காத்து, புதுப்பித்துத் திறந்து வைத்திருப்பது ஒரு குடியிருப்பாளருக்காக. அவர் மகாகவி என்பதால் அந்த மரியாதை கிடைத்தது, சரிதான். அதே வீடுகளில் தண்ணீர் சுமந்தவருக்கும் மாவாட்டியவருக்கும் ஒரு சுவரின் மூலையாவது கிடைக்கக் கூடாதா என்று கேட்பது பேராசை ஆகாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் நியாயமானது ஒன்று உண்டு. முதலில் சுவர் நிற்கட்டும், கதையைப் பிறகு பேசலாம் என்பார்கள். 1870களின் தொடக்கத்தில் எழுந்த புதுச்சேரி மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பரில் மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காப்பாற்றப் பணமில்லாமல் வாரிசுகள் விற்றுவிட்ட வீடுகளும் உணவகமாகவும் தங்கும் விடுதியாகவும் மாறியதால் மட்டுமே தப்பிய வீடுகளும் அங்கே நிறைய. அப்படித் தப்பியதும் நல்லதே. இடிந்து கிடப்பதைவிட விருந்தினர் தங்குவது மேல். ஆனால் மேரி கட்டடம் தரும் பாடத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலக வங்கியின் நிதி வந்தது, பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து அதே தோற்றத்தில் கட்டினார்கள், 2021இல் திறந்தார்கள். பணமும் திறமையும் இருந்தால் விழுந்த சுவரைக்கூட எழுப்பிவிடலாம். மல்லாட்டைக் கிட்டங்கியில் வேலைசெய்த பாட்டி காலமாகிவிட்டால் அவர் நினைவை எந்த வங்கியின் நிதியாலும் திரும்பக் கட்ட முடியாது. அவசரம் என்று பார்த்தால் சுவரைவிடக் கதைக்குத்தான் அவசரம் அதிகம்.

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. எளிய மக்கள் எழுதிவைக்கவில்லை, ஆகவே காட்ட ஒன்றுமில்லை என்ற வாதம் வேறு ஊருக்குப் பொருந்தலாம், இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. ரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்துவிட்டது. தென்னாற்காட்டின் பயிர், கூலி, சந்தை, பஞ்சம் பற்றி கார்ஸ்டின் 1878இல் தொகுத்த மாவட்டக் கையேடும் 1906இல் வந்த பிரான்சிஸின் கெசட்டியரும் இருக்கின்றன. பிரெஞ்சு நிர்வாகத்தின் பதிவேடுகள் புதுச்சேரியிலும் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-பிரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும் கிடக்கின்றன. கப்பலேறிப் போன கூலிகளின் பதிவுகளும் உண்டு. புதுச்சேரியின் சவானா பஞ்சாலையில் 1936 ஜூலை 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட 12 தொழிலாளர்களின் நினைவை புதுச்சேரித் தொழிற்சங்கங்கள் இன்றும் போற்றிவருகின்றன. இத்தனை இருந்தும் ஓர் அறையை நிரப்ப முடியவில்லை என்றால் நாம் தேடவில்லை என்றுதான் பொருள்.

அழகான வீட்டைப் பார்த்து இளைப்பாற வருகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா, முன்னோரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்ற கேள்வி உலகம் முழுக்கக் கேட்கப்படுகிறது. பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் 2020இல் தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93க்குக் காலனியாட்சியோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டபோது அரசியல்வாதிகள் சிலர் கொதித்தார்கள். அந்த இடங்களில் ஒன்று வேல்ஸின் போவிஸ் கோட்டை. திப்பு சுல்தானின் கூடாரம் அங்கேதான் இருக்கிறது. ஆட்சேபித்தவர்கள் எழுப்பிய கேள்விக்கு என் பதில் இது: தகவல் சொல்வது தண்டனை ஆகாது. அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி பண்ணைவீடு 2014இல் அடிமைகளின் பார்வையில் கதை சொல்லும் அருங்காட்சியகமாகத் திறந்தது. அடிமைகளின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மக்கள் அங்கே போகாமல் இல்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ரீயூனியன் தீவில் இருக்கிறது. சேன் ழீல் மேட்டில் தேபாசேன் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வீடு புதுச்சேரி வீடுகளைப் பார்த்துக் கட்டியது. சுண்ணாம்புத் தட்டைத் தளம் உட்பட. நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணை அது. அதன் தலைவி தேபாசேன் சீமாட்டி 1846இல் இறந்தார். 1848இல் அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம் பக்கத்துத் தமிழர்கள் ஏராளம். 1860இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குட்பட்ட ஊர்களிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். வில்லேல் அருங்காட்சியகம் என்று பெயர்பெற்ற அந்த வீடு இன்று சீமாட்டியின் சாமான்களோடு அடிமைமுறையின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்கிறது. புதுச்சேரியைப் பார்த்துக் கட்டிய வீடு கடலுக்கு அப்பால் உண்மை பேசும்போது புதுச்சேரி வீடுகள் அதற்குத் தயங்கவேண்டியதில்லை. வாரிசுகளின் மானமும் இதனால் குறையாது. ஒரு தலைமுறை செய்ததற்கு அடுத்த தலைமுறை குற்றவாளி ஆகிவிடுவதில்லை. மறைத்தால்தான் பழி ஒட்டும்.

புதுச்சேரியை நோக்கி மட்டும் விரல் நீட்டுவதும் சரியில்லை. 1993இல் தனி மாவட்டமான விழுப்புரம் தன் காலனிக்கால வரலாற்றைச் சொல்ல இதுவரை என்ன செய்திருக்கிறது? 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. பெருமை. அதைப் பார்க்க வருகிறவர்கள் புதுச்சேரியில் தங்கி, வந்து, மலையேறித் திரும்பிவிடுவார்கள். வழியில் கிடக்கும் விக்கிரவாண்டி போர்க்களத்தைப் பற்றியோ மல்லாட்டைப் பாதையைப் பற்றியோ யாரும் சொல்லப்போவதில்லை. முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில் இன்றும் சரக்கு ரயிலில் உரமூட்டை வந்து இறங்குகிறது, லாரிகள் கடைகளுக்கு ஏற்றிப் போகின்றன. விளைபொருளும் இடுபொருளும் தண்டவாளத்தில் ஓடிய ஒன்றரை நூற்றாண்டுக் கதைக்கு இது உயிருள்ள தொடர்ச்சி. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2012லேயே வந்துவிட்டது. அரண்மனையையும் பங்களாவையும் தேடுகிற கண்ணால் ரயில்வேக் கிட்டங்கி, பழைய எண்ணெய்ச் செக்கு, மண்டித் தெரு, பயணியர் விடுதி ஆகியவற்றையும் பார்த்துப் பட்டியலிட்டால் போதும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சொந்தமாக ஓர் அருங்காட்சியகம் அமைய மாளிகை தேவைப்படாது.

கேட்பது மிகச் சிறியது. அடுத்துப் புதுப்பித்துத் திறக்கப்போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை. அதில் பணம் வந்த வழியைக் காட்டும் வரைபடம், கட்டிய முறையைக் காட்டும் ஒரு துண்டுத் தளம், மீட்பு வேலை செய்த கொத்தனார், சித்தாள்களின் பெயர்கள், அடுப்படியும் பின்கட்டும் இருந்த இடத்தின் விவரம், எல்லாம் முதலில் தமிழில். புதுச்சேரி சுற்றுலாத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் இதைத் தொடங்க வேண்டும். விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் தன் பள்ளிகளைக் கொண்டு ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்து அந்தத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மண்டிச் சீட்டு, எடைச்சீட்டு, முன்பணப் பத்திரம், ரயில் ரசீது, கப்பல் கூலிக்குப் போனவர் எழுதிய கடிதம் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்துவைத்து, மூலத்தை அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திடமோ கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ ஒப்படையுங்கள்.